புள்ளி மறைந்தாலும் நோய் தொட்டியில்தான் இருக்கிறது: கடல் மீன்களின் வெண்புள்ளி நோயைக் கையாளும் முறை

கடல் மீன் வளர்ப்பவர்கள் பலரும் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். மீனின் துடுப்பில் உப்புத் தூளைத் தூவியதுபோல் சில வெண்புள்ளிகள் தெரிகின்றன; நான்கைந்து நாட்களில் அவை தாமாகவே மறைகின்றன; நோய் தீர்ந்துவிட்டது என்று மனம் ஆறுதல் அடைகிறது. நான் முதன்முதலாக வளர்த்த நீல டாங் மீனும் அப்படித் தேறிவிட்டதாகவே நம்பினேன். பத்து நாள் கழித்துப் புள்ளிகள் பல மடங்காகத் திரும்பியபோது, உடனிருந்த இரண்டு கோமாளி மீன்களின் மேலும் அவை இருந்தன. மூன்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

இந்நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாட்கள் வரை தின்று வளர்கிறது. பிறகு, பெரும்பாலும் இருள் விலகுவதற்கு முன், மீனை விட்டு உதிர்ந்து மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுக்குள் அது நூற்றுக்கணக்காகப் பிரிந்து, வழக்கமாக 3 முதல் 28 நாட்களுக்குள், அரிதாக 72 நாட்கள் வரை கழித்தும், நீந்தும் குஞ்சு உயிரிகளாக வெளிவருகிறது. இவை ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் இறந்துவிடும். மீனின் மேலிருந்து புள்ளி மறைவதென்பது ஒட்டுண்ணி தரைக்கு இறங்கிவிட்டது என்பதற்கான அடையாளமே. கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் தொடுவதில்லை. நன்னீர் மீன்களுக்குச் செய்வதுபோல வெப்பத்தைக் கூட்டுவதாலும் இது சாகாது.

சிகிச்சையைத் தொடங்குமுன் இது வெண்புள்ளிதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எண்ணக்கூடிய தனித்தனி மணிகளாகத் தெரிந்தால் வெண்புள்ளி. எண்ணவே முடியாத பொன்னிறத் தூசிப் படலமாகத் தெரிந்தால், அது அமைலூடினியம் என்னும் வேறோர் ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோய். வெல்வெட் முதலில் செவுளைத் தாக்குவதால், மீன் ஒளியை விட்டு ஒதுங்கி, மோட்டார் தள்ளும் நீரோட்டத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, வேகமாக மூச்சு வாங்கும். ஓரிரு நாளில் மொத்த மீன்களையும் அது கொன்றுவிடக்கூடும் என்பதால், அன்றைக்கே தாமிர மருந்துக்கு மாற்ற வேண்டும். மீன் நலமாக இருக்கும்போதே அதன் செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணிக் குறித்து வைத்திருந்தால், இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும்.

வெண்புள்ளிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது மருந்தே இல்லாத இடமாற்ற முறை. மணலும் பாறையும் இல்லாத இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழ்களை விடும் ஒரு காற்றுக் கல், மீன் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு ஆகியவை போதும். மீனை முதல் தொட்டியில் விட்டு, 4, 7, 10, 13ஆம் நாட்களில், 72 மணி நேரத்தைத் தாண்டாமல், உவர்ப்பும் வெப்பமும் சரிசெய்த புதுநீருள்ள மற்றத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். கூடுகள் வெடிப்பதற்குள் மீன் அங்கிருந்து போய்விடுகிறது. பழைய நீரை ஒரு கை அளவுகூடக் கொண்டுசெல்லாமல், விட்டுவந்த தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி ஈரமே இல்லாமல் உலர்த்தினால்தான் இது பலிக்கும். வெல்வெட்டுக்கு இம்முறை உதவாது.

தாமிர மருந்தானால், மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றிய பிறகே இட வேண்டும். முதன்மைத் தொட்டியில் இட்டால் இறாலும் நத்தையும் பவளமும் மடியும். சுண்ணாம்புப் பாறை தாமிரத்தை உறிஞ்சுவதால் அளவும் நிற்காது. தாமிர மருந்துகளில் வகைகள் உண்டு. ஒன்றுக்கு உரிய அளவு மற்றதற்குப் பத்து மடங்கு வேறுபடும் என்பதால், புட்டியில் உள்ள அளவையே பின்பற்றி, அந்த வகைக்குரிய டெஸ்ட் கிட்டால் நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டும். அமோனியாவை நீக்கும் திரவங்களைத் தாமிரத்துடன் சேர்ப்பது ஆபத்து. அமோனியா ஏறினால் நீரை மாற்றி, மாற்றிய அளவுக்குரிய மருந்தைச் சேர்ப்பதே வழி. சென்னையின் கோடையில் தொட்டி நீர் 30 பாகைக்கு மேல் ஏறி ஆக்சிஜன் குறையும். செவுள் புண்ணான மீனுக்கு அது இரட்டைச் சுமை என்பதால் காற்றுக் கல்லை இரவிலும் நிறுத்தக் கூடாது.

இதற்கிடையில் முதன்மைத் தொட்டியில் தங்கிய ஒட்டுண்ணியைப் பட்டினி போட வேண்டும். பவளமும் இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். மீன் மட்டும் 76 நாட்களுக்கு இருக்கக் கூடாது. அந்த நாட்களில் சிகிச்சைத் தொட்டிகளின் வலை, குழாய், ஈரக்கை எதுவும் இதில் படக் கூடாது. புதிதாக வாங்கும் மீனையும் இதே இடமாற்ற முறையில் வைத்திருந்து, அதன்பின் இரண்டு வாரமாவது தனியே கவனித்த பிறகே சேர்க்க வேண்டும். நாளை எண்ணத் தொடங்குமுன் பாறை இடுக்குகளை இரவில் டார்ச்சுடன் பாருங்கள்; விரல் நீளக் கோபி மீன் ஒன்று உள்ளே தங்கியிருந்தாலும், அதைப் பிடித்து வெளியே எடுத்த நாளே முதல் நாள்.