குறுக்கெழுத்தில் கட்டம் இடிக்கிறதா?

நொடி, அதாவது விடுகதை, போட்டும் அவிழ்த்தும் வளர்ந்தவர்கள்தான் நாங்கள், ஆனால் பெத்தா (பாட்டி) போடும் நொடியை அவிழ்க்கிற அதே புத்தியோடு, குறிப்புக்குள்ளேயே விடையை ஒளித்து வைக்கிற பூடகக் குறுக்கெழுத்துக்குள் இறங்கினால் முதல் வரியிலேயே மூச்சு முட்டும். நொடியில் வருகிற சொல் எல்லாம் விடையின் உருவத்தைச் சொல்லும். இங்கே குறிப்பில் பாதிச் சொற்கள் எழுத்தை வெட்டு, ஒட்டு, திருப்பு என்று உங்களுக்கு வேலை ஏவுகிற சொற்கள்.

"பாட்டுக்குத் தலை போனால் முளைப்பது (2)" என்று இரண்டு எழுத்து விடை கேட்டுக் கொடுத்தால் பலர் பாடகரையும் கச்சேரியையும் நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். நேர்ப்பொருள் பெரும்பாலும் குறிப்பின் ஒரு நுனியில் இருக்கும், முதலில் அதைப் பிடியுங்கள்: முளைப்பது விதை. பாட்டு கவிதை, அதில் 'க'வை வெட்டினால் சரி. இரண்டு நுனியுமே நேர்ப்பொருளாக வருவதும் உண்டு. "மலை நடுவே போகும், சட்டியிலும் வேகும் (4)" என்றால் கணவாய்: மலை வழிக்கும் அதே பெயர், கறி வைக்கிற கடலுயிருக்கும் அதே பெயர். கணவாய்க் கறியைத் தின்றுகொண்டே விடை தெரியாமல் இருக்கிறவரை என்ன செய்வது!

ஆகப் பெரிய குழப்பம் எழுத்து எண்ணுவதில்தான். உயிர்மெய் எத்தனை கால், கொம்போடு வந்தாலும் ஒரே கட்டம், புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம். கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயருக்கு 8 கட்டம், விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இதில் தெளிவானவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. "மரமும் படையும் சந்தித்த ஊர் (5)". வாழை வரும், சேனை வரும், கூட்டினால் நாலுதானே என்று விட்டுவிடுவார்கள். நடுவில் மிகுந்து வருகிற 'ச்' எங்கே போனது? வாழைச்சேனை. 'சந்தித்த' என்ற சொல்லைச் சும்மா வைக்கவில்லை, அங்கே சந்தி இருக்கிறது என்று காட்டத்தான். ஆனால் கல்முனை என்ற ஊர்ப் பெயரில் கல்லும் முனையும் இப்படி எதுவும் மிகாமல் அப்படியே சேரும், எனவே கண்ட இடத்திலும் ஒற்றெழுத்தைப் போட்டு நிரப்பாதீர்கள்.

அப்புறம் ஊர் வழக்கு. தமிழ்நாட்டில் போட்ட புதிரில் பழத்தின் பெயர் கேட்டால் இலங்கையில் நாங்கள் பப்பாசி என்று எழுதுவோம், அவர்கள் நினைத்தது பப்பாளி. இரண்டுக்கும் 4 கட்டம் என்பதால் உடனே தெரியாது, கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ் வருகிற சொல் இடிக்கும்போதுதான் தெரியும். அதுவரை பேனையைத் தொடாமல் பென்சிலிலேயே எழுதுவது நல்லது.

விடை கட்டத்தில் பொருந்தினால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். குறிப்பில் ஒரு சொல்லாவது வேலை இல்லாமல் மிஞ்சினால் அந்த விடையைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, பைத்தியம் முற்றியவர்களுக்கு ஒன்று: வட்சப் குழுவில் காலையிலேயே விடையைப் போட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போய்விட்டு இரவில் வந்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், "கண்டுபிடித்தாச்சு" என்று மட்டும் எழுதுங்கள்.