மலைச்சரிவில் காட்டுப்பூ பார்க்கப் போகிறீர்களா?

மழை விட்டதும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புல்சரிவுகளில் பூக்கள் தலைகாட்டும். காலையிலேயே போய்விடுங்கள். விஷ்ணுகிராந்தியின் சின்ன நீலப்பூ வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். மதியம் போனால் வெறும் புல்தான்.

என் பழைய தவறு ஒன்று: பூவை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து வந்து, வீட்டில் பெயர் தெரியாமல் முழித்தேன். இலை, தண்டு, பூவின் பின்பக்கம், முழுச்செடி எல்லாம் தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய விரலைப் பக்கத்தில் வையுங்கள், தொட வேண்டாம். செங்காந்தளில் இலையைப் பாருங்கள்: நுனி சுருண்டு கொடிக்கையாகி அருகிலுள்ள புதரைப் பிடித்திருக்கும். ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்திருக்கும், நாளாக நாளாக மஞ்சள் சிவப்பாகும். அழகுதான், ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கில் ரொம்பவே. பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

தரை ஆர்க்கிட் கண்ணில் பட்டால் பெயர்த்து வந்து தொட்டியில் வைக்க ஆசை வரும். வேரோடு சேர்ந்து வாழும் மண் பூஞ்சை இல்லாமல் அது பெரும்பாலும் பட்டுப்போகும். படத்தைப் பகிரும்போது இருப்பிடக் குறியை அணைத்துவிடுங்கள், தோண்டுகிறவர்களுக்கு நாமே வழி காட்ட வேண்டாமே.

அப்புறம் ஒன்று. இரு மாவட்டங்களிலும் பரவிய காவிரி தெற்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அங்கே போவதானால் முதலில் வனத்துறை அனுமதி.