ஹைட்ரஜனிலிருந்து ஆர்டோருக்கு: ஜாக் வழியே ஒலி இணைப்பு

லினக்ஸில் ஹைட்ரஜன் என்ற ட்ரம் மெஷின் மென்பொருளின் ஒலியை ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்ய வெளிக் கேபிள் வேண்டாம். மென்பொருள்களுக்கு இடையே ஒலியைக் கடத்தும் ஜாக் சர்வர் போதும். முதலில் சர்வர், பிறகுதான் மற்ற மென்பொருள்கள். இந்த வரிசை மாறினால் ஆர்டோரோ ஹைட்ரஜனோ சவுண்ட் கார்டைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும், ஜாக் கிளம்பாது.

ஜாக்கை இயக்க உதவும் க்யூஜாக்கண்ட்ரோல் மென்பொருளின் அமைப்புகளில் இன்டர்ஃபேஸை 'டிஃபால்ட்' என்று விடாமல், உங்கள் கார்டின் பெயரையே தேர்ந்தெடுங்கள். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள்) 48000, ஃப்ரேம்கள் (ஒரு தவணையில் கையாளும் மாதிரிகள்) 256, பீரியட் (தவணைகளின் எண்ணிக்கை) 2. யூஎஸ்பி கார்டு என்றால் பீரியடை 3 ஆக்குங்கள். 256 × 3 ஃப்ரேம் என்பது 16 மில்லிசெகண்ட் தாமதம். ஒலி வேலைக்கு முன்னுரிமை தரும் ரியல்டைம் பெட்டியிலும் டிக் இருக்கட்டும். பல லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் அதற்கான உரிமை 'ஆடியோ' குழுவுக்குத்தான் உண்டு. உங்கள் கணக்கை அதில் சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் அது செல்லும்.

சர்வர் ஓடத் தொடங்கியதும் ஹைட்ரஜனின் ஆடியோ அமைப்பிலும், ஆர்டோர் திறக்கும்போது வரும் ஆடியோ அமைப்பிலும் ஜாக்கைத் தேர்ந்தெடுங்கள். ஆர்டோரில் ஸ்டீரியோ ட்ராக் ஒன்று சேர்த்துவிட்டு, க்யூஜாக்கண்ட்ரோலின் கிராஃபைத் திறங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இடப்பக்கம் ஒலியை உள்வாங்கும் போர்ட்கள், வலப்பக்கம் ஒலி வெளிவரும் போர்ட்கள். ஹைட்ரஜனின் இடது, வலது அவுட்களை ட்ராக்கின் இரண்டு இன்புட்களுக்கு இழுத்துவிடுங்கள்.

இத்தோடு வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். ஹைட்ரஜன் திறந்தவுடனே தானாக ஸ்பீக்கருக்கும் இணைப்புப் போட்டுவைத்திருக்கும். இப்போது அதே அடி நேராக ஒருமுறை, ஆர்டோர் வழியாக ஒருமுறை என இரண்டு வழியில் காதுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே சிறு தாமதம் இருந்தாலும் ஸ்நேர் ட்ரம் குழாய்க்குள்ளிருந்து அடிப்பதுபோல் மெலிந்து ஒலிக்கும். பலர் அதைக் கேட்டு ஈக்யூவை (ஒலியின் தன்மையை மாற்றும் அமைப்பை) திருகுகிறார்கள். ஈக்யூவில் ஒன்றுமில்லை, ஹைட்ரஜனிலிருந்து சிஸ்டம் பிளேபேக்குக்குப் போகும் இரண்டு கோடுகளையும் அழியுங்கள். புது ட்ராக்கோடு ஆர்டோர் மைக் இன்புட்டையும் இணைத்திருக்கலாம், அதையும் கழற்றுங்கள். இல்லையென்றால் அறைச் சத்தமும் ட்ரம்மோடு பதிவாகும்.

மாஸ்டர் அவுட்டைத் திரும்ப அதே ட்ராக்கின் இன்புட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஒலி சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையிடும். ஹெட்ஃபோனில் இருந்தால் காதுக்கே ஆபத்து.

'டிக் டிக்' என்று உடைசல் கேட்டால் எக்ஸ்ரன் (ஒலி நேரத்துக்கு வந்துசேராமல் தவறுவது) எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால், கேட்ட நேரத்துக்குள் ப்ராசஸர் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். ஃப்ரேம்களை 512 ஆக்குங்கள். ஒலிக் கலவை வேலைக்கு 1024கூடப் பரவாயில்லை, லைவாக வாசிக்கும்போது மட்டும்தான் தாமதம் தொந்தரவு.

ஜாக்கின் வேலையையும் செய்யும் பைப்வயர் என்ற ஒலிச் சேவை ஓடும் புதிய டிஸ்ட்ரோக்களில் ஜாக் சர்வரைத் தனியாகக் கிளப்ப வேண்டாம். ஜாக்குக்கான பைப்வயர் துணைப் பேக்கேஜை நிறுவிவிட்டு, க்யூபிடபிள்யூகிராஃப் என்ற இணைப்பு வரைபட மென்பொருளில் இதே கோடுகளைப் போடலாம்.