பச்சைக் கொடியை அழுத்தும் முன்

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நான் புரோகிராமிங் தொடங்கிவைப்பது ஸ்கிராட்ச் என்னும் புரோகிராமிங் மொழியில்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007இல் வெளியிட்டது. இலவசம், பிரவுசரிலேயே ஓடும். இணையம் தடுமாறும் இடங்களில் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். கட்டளைகள் எல்லாம் வண்ண பிளாக்குகள், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டியதுதான். எழுத்துப்பிழையால் புரோகிராம் நின்றுபோகாது என்பதால் முதல் நாளிலிருந்தே யோசிக்க நேரம் கிடைக்கிறது.

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. புரோகிராமை ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்தும் முன், என்ன நடக்கப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொன்னது ஒன்று, திரையில் நடப்பது வேறொன்று என்றால் அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது.

முதலில் சதுரம். எக்ஸ்டென்ஷனில் (கூடுதல் பிளாக்குகள் இருக்கும் இடம்) பேனாவைச் சேர்த்து, திரையில் இருக்கும் பூனை நகரும் வழியெல்லாம் கோடு விழ 'பென் டவுன்' போட்டு, 'ரிப்பீட் 4'க்குள் 'மூவ் 100', 'டர்ன் 90' வையுங்கள். சுலபமாக வந்துவிடும். அப்புறம் சமபக்க முக்கோணம் கேளுங்கள். கணக்குப் பாடத்தில் படித்த 60 டிகிரியைத்தான் பெரும்பாலும் போடுவார்கள். ரிப்பீட் 3, டர்ன் 60. முக்கோணம் மூடாமல் பாதி அறுகோணமாக நிற்கும். தயவுசெய்து விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளையை எழுப்பி, தரையில் வரைந்த முக்கோணத்தின் மேல் நடக்கவிடுங்கள். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று மற்றவர்கள் பார்க்கட்டும். திரும்புவது வெளிக்கோணம், 120 டிகிரி என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள். "அந்த 60ஐ மாற்றாமல் ரிப்பீட்டை 6 ஆக்கினால்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். 360ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்கலாம் என்று யாராவது கத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

அடுத்தது விளையாட்டு: பூனை பந்தைத் தொட்டால் மதிப்பெண் ஏற வேண்டும். 'இஃப்' பிளாக்கைச் சரியாகவே வைத்திருப்பார்கள், ஆனாலும் எண் அசையாது. "தொட்டதா என்று கணினி எத்தனை தடவை பார்த்தது?" என்று கேளுங்கள். கொடியை அழுத்திய கணத்தில் ஒரே தடவை பார்த்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டது. உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் 'ஃபாரெவர்' பிளாக் எதற்கு என்பது அப்போதுதான் உறைக்கும். முன்கூட்டியே விளக்கினால் மனதில் நிற்காது.

பூனை போன ஆட்டத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்ற புகாரும் வரும். கொடிக்குக் கீழே பூனையை மேடையின், அதாவது அது நடமாடும் திரைப்பகுதியின், நடுவுக்குக் கொண்டுபோகும் 'கோ டு எக்ஸ் 0, ஒய் 0' போடச் சொல்லுங்கள். மேடையின் அகலம் -240 முதல் 240 வரை, உயரம் -180 முதல் 180 வரை என்பதால் குறை எண்களும் கூடவே பழகிவிடும்.

ஒரு கணினிக்கு இரண்டு பேர் போதும். மவுஸ் கைமாறிக்கொண்டே இருக்கட்டும். "ஓடலை" என்று யாராவது கூப்பிட்டால் நீங்கள் மவுஸைத் தொடாதீர்கள். பிளாக்குகளைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தனி பிளாக்கும் அழுத்தினால் ஓடும், கோளாறு எந்தத் துண்டில் என்று தெரிந்துவிடும்.