டேட்டா சயின்ஸ் முதுகலை படிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

டேட்டா சயின்ஸ் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் கேள்வியைப் பிடிக்கும் முன்பே மாடலை, அதாவது தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் முறையைப் பிடித்துவிடுகிறார்கள். ரேண்டம் ஃபாரஸ்டா, நியூரல் நெட்வொர்க்கா, எந்த வகை மாடல் என்று மணிக்கணக்கில் விவாதம் நடக்கும், ஆனால் இந்த அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரு ஆளா, ஒரு பரிவர்த்தனையா, ஒரு நாளா என்று கேட்டால் பதில் வராது. அது தெரியாமல் எழுதும் புரோகிராம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வீண்.

மொத்தக் கணக்கை அப்படியே நம்புவதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 1973இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குத்தான். பார்த்தவுடன் பாரபட்சம் என்று தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்ததும் கதையே மாறிவிட்டது: பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு தெரியவில்லை, இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். இதுதான் சிம்சன் முரண்பாடு. தேர்வில் இதன் வரையறையை அழகாக எழுதுபவர்கள்கூடத் தங்கள் புராஜெக்டில் ஒருமுறையாவது தரவைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எதை வைத்துப் பிரிப்பது என்பதை மென்பொருள் சொல்லாது, அந்தத் தரவு வந்த துறையில் வேலை செய்பவரிடம் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

அப்புறம் தரவுக் கசிவு, அதாவது மாடலைச் சோதிக்க ஒதுக்கிய தரவு முன்கூட்டியே மாடலுக்குத் தெரிந்துவிடுவது. அட்டவணையில் வருமானம் என்ற நெடுவரிசையில் சில இடங்கள் காலியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தரவின் சராசரியை எடுத்து அவற்றை நிரப்பிவிட்டு, அதன் பிறகு டிரெயின் (மாடல் கற்கும் பகுதி), டெஸ்ட் (அதைச் சோதிக்கும் பகுதி) என்று பிரித்தால், டெஸ்ட் பகுதியின் தகவல் ஏற்கெனவே மாடலுக்குள் போய்விட்டது. முதலில் பிரியுங்கள், டிரெயின் பகுதியில் மட்டும் சராசரி எடுங்கள், அதே எண்ணை டெஸ்டிலும் போடுங்கள். எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஸ்கேலிங்குக்கும் இதே வரிசைதான். ஒரே நோயாளியின் பதிவுகள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தாலும் கசிவுதான், இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

99 சதவீத அக்யூரசி, அதாவது நூற்றுக்கு 99 கணிப்பு சரி என்று வந்தால் உடனே கொண்டாட வேண்டாம். நூறு பரிவர்த்தனைகளில் ஒன்றுதான் மோசடி என்றால், எதுவுமே மோசடி இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கும் அதே 99 கிடைக்கும். பிடிபட வேண்டியவற்றில் எத்தனை பிடிபட்டன என்று பாருங்கள், அதாவது ரீகால்.

படம் வரையாமல் சராசரியையும், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் தொடர்புக் கெழுவையும் மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். 1973இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் காட்டிய நான்கு தரவுத் தொகுப்புகளில் இந்த எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான், வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி மொத்தக் கோட்டையும் இழுக்கிறது. இதற்கு ஒவ்வொரு பதிவையும் ஒரு புள்ளியாகக் காட்டும் ஒரு ஸ்கேட்டர் பிளாட் போதும், இரண்டு வரி புரோகிராம்.