ரோமப் பேரரசர்களின் வரலாற்றைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் ரோமப் பேரரசர் யார் என்று கேட்டால் ஜூலியஸ் சீசர் என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஆனால் முதல் பேரரசர் அகஸ்டஸ்தான். தொடக்கமே தவறினால் பின்னால் வரும் சதிகள் எதுவும் விளங்காது. சீசர் கி.மு. 44 தொடக்கத்தில் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். மார்ச் 15 அன்று, மேட்டுக்குடியினரின் ஆட்சி மன்றமான செனட்டின் கூட்டத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். வெளிப்படையான தனியாட்சியை ரோம மேட்டுக்குடி பொறுக்காது என்பதை அவருடைய தத்துப்பிள்ளை ஆக்டேவியன் புரிந்துகொண்டார். கி.மு. 27இல் அதிகாரம் முழுவதையும் செனட்டிடம் திருப்பித் தருவதாக அறிவித்தார். செனட் அவருக்கு அகஸ்டஸ் என்ற பட்டத்தைத் தந்து, படைகள் அதிகம் நின்ற எல்லை மாகாணங்களைப் பத்தாண்டுகளுக்கு அவர் பொறுப்பில் விட்டது. கி.மு. 23இல் கான்சல் என்ற தலைமை ஆட்சிப் பதவியைத் துறந்து, மக்கள் பிரதிநிதியான ட்ரிப்யூனின் அதிகாரத்தை ஆயுள் முழுவதற்கும் பெற்றார். அதன்மூலம் சட்டம் முன்மொழியலாம், எந்த முடிவையும் தடுத்து நிறுத்தலாம். அவர்மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். இந்த ஏற்பாட்டில் அரசர் என்ற சொல் எங்குமே இல்லை. அதனால்தான் வாரிசுரிமைக்கும் சட்டம் இல்லை. அடுத்தவர் யார் என்ற கேள்வி பல முறை ரத்தம் சிந்த வைத்ததற்கு வேர் இதுதான்.

செனட் வெறும் பொம்மையாகிவிட்டது என்று ஒதுக்குவது அடுத்த தவறு. லெஜியன்கள் எனும் பெரும் படைப்பிரிவுகளின் தளபதிகளும் பெரிய மாகாணங்களின் ஆளுநர்களும் செனட்டர்கள்தான். பேரரசர் அஞ்சியதும் அவர்களைத்தான். எகிப்தைக் கவனியுங்கள். ரோமுக்குத் தானியம் அனுப்பிய அந்த மாகாணத்தை அகஸ்டஸ் செனட்டர்களிடம் கொடுக்கவில்லை. செனட்டர்களுக்கு அடுத்த நிலையில் இருந்த குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த ஓர் அதிகாரியை நியமித்தார். பேரரசரின் அனுமதி இல்லாமல் செனட்டர் யாரும் அங்கே காலடி வைக்க முடியாது. கி.பி. 69 ஜூலை 1 அன்று வெஸ்பாசியன் முதன்முதலில் பேரரசராக அறிவிக்கப்பட்ட இடம் எகிப்தின் அலெக்சாந்திரியா என்பது தற்செயல் அல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சூழ்ச்சி என்றதும் அரண்மனை விஷக் கோப்பையை மட்டும் தேடுவது. விஷக் கதைகள் சுவையானவை. பெரும்பாலும் நிரூபிக்க முடியாதவை. பணம் எங்கிருந்து வந்தது, படைவீரன் கைக்கு எவ்வளவு போனது என்று பாருங்கள். சாதாரண லெஜியன் வீரரின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ் (வெள்ளிக்காசு), அதாவது 900 செஸ்டெர்ஸ். ஓய்வுபெறும்போது 12,000 செஸ்டெர்ஸ். அதற்காகவே அகஸ்டஸ் கி.பி. 6இல் தனிக் கருவூலம் அமைத்து, சொந்தப் பணம் 17 கோடி செஸ்டெர்ஸ் போட்டார். வாரிசுச் சொத்துக்கு 5 சதவீதம், ஏல விற்பனைக்கு 1 சதவீதம் வரி விதித்தார்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கி.பி. 41 ஜனவரியைப் பாருங்கள். பேரரசர் கலிகுலா கொல்லப்பட்டதும் செனட் கூடிப் பழைய குடியரசை மீட்பதா என்று விவாதித்தது. அதற்குள் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸை, பேரரசரின் மெய்க்காவலர்களான பிரிட்டோரியன் காவலர்கள் கண்டுபிடித்துத் தங்கள் முகாமுக்குத் தூக்கிப்போனார்கள். கிளாடியஸ் காவலர் ஒவ்வொருவருக்கும் 15,000 செஸ்டெர்ஸ் தருவதாகச் சொன்னார். ஒரு லெஜியன் வீரரின் 16 ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம். விவாதம் அத்தோடு முடிந்தது.

எதிர்மாறான உதாரணம், நீரோவுக்குப் பின் பேரரசரான கால்பா. நீரோவைக் கைவிட்டால் தலைக்கு 30,000 செஸ்டெர்ஸ் என்று காவலர்களுக்குக் கால்பாவின் பெயரால் வாக்குக் கொடுத்தவர் அவர்களுடைய தலைவர் நிம்ஃபிடியஸ். கால்பா தர மறுத்தார். வீரர்களைத் தான் தேர்ந்தெடுப்பதாகவும் விலைக்கு வாங்குவதில்லை என்றும் சொன்னார். 69 ஜனவரி 10 அன்று பிசோவை வாரிசாகத் தத்தெடுத்துக் காவலர் முகாமில் அறிவித்தபோதும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தே நாளில் கால்பாவின் போட்டியாளரான ஒத்தோவைப் பேரரசர் என்று வாழ்த்தத் திரண்டவர்கள் வெறும் 23 காவலர்கள். மற்றவர்கள் தடுக்கவில்லை. மாலைக்குள் கால்பாவும் பிசோவும் பிணமானார்கள். கிழவர் சிறிது கொடுத்திருந்தாலும் காவலர்களின் மனம் மாறியிருக்கும் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். இந்தக் கட்டத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான தீர்ப்பு கிடையாது.

ஆனால் காவலர்களையே எல்லாமாக நினைத்துவிடவும் கூடாது. அவர்கள் ரோமில் இருந்தார்கள். பெரும்படை எல்லையில் இருந்தது. கி.பி. 23இல் இருந்த 25 லெஜியன்களில் ரைன் நதிக்கரையில் மட்டும் 8, சிரியாவில் 4. ரைன் படைகள் அங்கிருந்த தளபதி விட்டெல்லியஸைத் தூக்கிப் பிடித்தபோது ஒத்தோவின் காவலர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூன்றே மாதத்தில் ஒத்தோ தற்கொலை செய்துகொண்டார்.

சான்றுகளைப் படிக்கும்போது, எழுதியவர் எப்போது எழுதினார் என்று முதலில் பாருங்கள். டாசிடஸும் சூடோனியஸும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் எழுதியவர்கள். காசியஸ் டியோ மூன்றாம் நூற்றாண்டு. டாசிடஸின் வரலாற்றில் கலிகுலா ஆட்சி முழுவதும் தொலைந்துவிட்டது. காவலர்களின் தலைவர் செஜானஸ் வீழ்ந்த கி.பி. 31 அக்டோபர் பகுதியும் இல்லை. கலிகுலா குதிரையைக் கான்சல் ஆக்கினார் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படிச் செய்ய எண்ணியிருந்ததாகப் பேச்சு என்பதுதான் சூடோனியஸ் சொல்வது.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரே வழி, தந்தை பெயரையும் இறந்த ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது. ட்ருசஸ் என்ற பெயரில் மூவர்: அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசர் டைபீரியஸின் தம்பி (கி.மு. 9), டைபீரியஸின் மகன் (கி.பி. 23), ஜெர்மானிக்கஸின் மகன் (கி.பி. 33). வயதைக் கணக்கிடும்போது பூஜ்ஜிய ஆண்டு இல்லை என்பதை மறக்காதீர்கள். அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63 செப்டம்பர் 23, இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட் 19. 63-ஐயும் 14-ஐயும் கூட்டி ஒன்றைக் கழித்தால் 76. பிறந்தநாள் வரவில்லை, ஆக 75.

ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்பது நம் மேடைப் பேச்சுகளில் பழகிப்போனது. பிடில் அப்போது இல்லவே இல்லை. அவர் வாசித்தது யாழ் வகைக் கருவி. கி.பி. 64 ஜூலையில் தீப்பிடித்தபோது அவர் இருந்தது அன்டியம் என்ற கடற்கரை ஊரில். திரும்பி வந்து தன் தோட்டங்களை அகதிகளுக்குத் திறந்துவிட்டார், தானிய விலையைக் குறைத்தார். எரிந்த நகரத்தைப் பார்த்துப் பாடினார் என்பதை டாசிடஸ் வதந்தி என்றே சொல்கிறார். உண்மையான அரசியல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது: எரிந்த நிலத்தில் பொன் மாளிகை எழுந்தது, வெள்ளி நாணயம் தரமிழந்தது. ஒரு பவுண்டு வெள்ளிக்கு 84 அடித்த தெனாரியஸை 96 ஆக்கி, வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார்.

இதை அறியாமல் நம் ஊர் நாணயங்களைப் பேசுவதும் தவறாகிவிடும். கொங்கு நாட்டில் அகஸ்டஸ், டைபீரியஸ் தெனாரியஸ்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. டைபீரியஸ் முகம் இருப்பதால் அது அவர் காலத்திலேயே இங்கு வந்தது என்று சொல்லிவிட முடியாது. தூய வெள்ளி என்பதால் பழைய நாணயங்களை வணிகர்கள் நீரோவுக்குப் பின்னும் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கலாம். புதையல் எப்போது புதைந்தது என்பதற்கு அதிலுள்ள கடைசி நாணயத்தைப் பாருங்கள். 1898இல் கிடைத்த புதுக்கோட்டைப் புதையலில் 501 பொற்காசுகள். அவை அகஸ்டஸில் தொடங்கினாலும் வெஸ்பாசியன் வரை போகின்றன. ஆக, கி.பி. 69க்கு முன் அந்தப் புதையல் புதைக்கப்பட்டிருக்கவே முடியாது.