காஸ் அடுப்பு பற்றவில்லையா? திருகிக்கொண்டே நிற்காதீர்கள்

வன்னியில் நிறைய வீடுகளில் காஸ் அடுப்பு என்பது இரண்டாவது அடுப்புதான். சோறும் கறியும் விறகில் வேகும். விடியக்காலைத் தேத்தண்ணி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் வெளிக்கிடும் அவசரம், மாரியில் விறகு நனைந்துபோன நாள், இவற்றுக்குத்தான் காஸ். அதனால் அது பற்றாமல் போவதும் அவசரமான நேரத்திலேயே தெரியவரும். அந்த அவசரத்தில் நாங்கள் செய்கிற காரியங்கள், ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய கோளாறைப் பெரிய செலவாகவோ ஆபத்தாகவோ மாற்றிவிடுகின்றன.

முதலாவது, திருகியைத் திறந்து வைத்துக்கொண்டு டக், டக் என்று அடித்துக்கொண்டே நிற்பது. பொறி வராத ஒவ்வொரு தடவையும் காஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. சிலிண்டரில் உள்ள புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. இரண்டும் மேலே போகாது. நிலத்தில் இறங்கி, அலுமாரிக்கு அடியிலும் வாசற்படி ஓரத்திலும் தேங்கும். பத்தாவது தடவை பொறி வந்தால் பேர்னர் மட்டும் பற்றாது. ஆகவே நாலைந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் மூடிவிடுங்கள். உயரத்தில் உள்ள ஜன்னலைத் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். மணம் போகும்வரை பொறுத்திருங்கள். அதுவரை லைற், மின்விசிறி சுவிச்சைப் போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது. நெருப்புக்குச்சியால் பற்றவைப்பதானால் குச்சி முதலில், காஸ் பிறகு. இதை மாற்றிச் செய்துதான் புருவத்தைப் பொசுக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த தவறு, என்ன பழுது என்று பார்க்காமலே ஒரு முடிவுக்கு வருவது. ‘இக்னிஷன் போய்விட்டது’ என்று சொல்லி அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போவதற்கு முன், வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நெருப்புக்குச்சியைப் பற்றவைத்துப் பேர்னருக்குப் பக்கத்தில் பிடித்தபடி திருகியைத் திறவுங்கள். நன்றாக எரிந்தால் காஸ் பக்கம் பிழையில்லை, பொறியில்தான் கோளாறு. குச்சிக்கும் எரியாவிட்டால் பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை, காஸ் வரவில்லை. ஒரு பேர்னர் எரிந்து மற்றது எரியாவிட்டால் அந்தப் பேர்னரை மட்டும் பார்த்தால் போதும். எரிந்துவிட்டு, கையை எடுத்ததும் அணைந்தால் அது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

காஸே வரவில்லை என்றால் முதலில் ரெகுலேட்டரைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். 2021 கடைசியில் இலங்கை முழுக்கக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் வந்ததிலிருந்து, இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல பழக்கம். காலையில் அதைத் திறக்க மறந்துவிட்டு அடுப்போடு சண்டை பிடிப்பதுதான் பிரச்சினை. ஹோஸ் மடிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். புதுச் சிலிண்டர் மாட்டிய உடனே முதல் ஒன்றிரண்டு தடவை பற்றாமல் போவது வழக்கம், ஹோஸுக்குள் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். சிலிண்டர் முடிகிற தறுவாயில் அதைக் குலுக்குவதும், சரித்துப் படுக்கவைப்பதும், சுடுதண்ணீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். சரித்தால் திரவமாகவே காஸ் ஹோஸுக்குள் இறங்கும், அப்புறம் வருகிற சுவாலையை அந்த அடுப்பு தாங்காது.

பொறிப் பக்கத்துக்கு வருவோம். பேர்னருக்கு ஓரத்தில் வெள்ளைப் பீங்கானுக்குள்ளிருந்து ஒரு கம்பி நுனி எட்டிப் பார்க்குமே, பொறி அதிலிருந்துதான் பேர்னருக்குப் பாய வேண்டும். இடைவெளி சில மில்லிமீற்றர்தான். சோற்றுக் கஞ்சி பொங்கி வழிந்தாலும், புட்டுப்பானைத் தண்ணீர் தெறித்தாலும், தேங்காய்ப்பால் சிந்தினாலும் போய்ப் படிவது அந்த இடத்தில்தான். ஈரம் இருந்தால் மின்சாரம் பாய்வதற்குப் பதிலாக ஈரத்தின் வழியே கசிந்து போய்விடும். சத்தம் கேட்கும், பொறி இருக்காது. மாரியில், வாடைக் காற்றோடு குசினி முழுக்க ஈரமாக இருக்கும் நாட்களில், ஒன்றும் சிந்தாமலே இது நடக்கும். உலர்ந்த துணியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் துடைத்துவிட்டு, காயவிட்டுப் பாருங்கள். பழுது என்று ஒதுக்கிவைத்த அடுப்புகளில் கணிசமானவை இந்த ஒரு வேலையோடு எரியத் தொடங்கும் என்பது என் எண்ணம்.

துடைத்தும் சரிவராவிட்டால், ரெகுலேட்டரை மூடி, கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்துவிட்டு, குசினியை இருட்டாக்கித் திருகியைத் திருப்புங்கள். நீலப் பொறி எங்கே அடிக்கிறது என்று இருட்டில் தெளிவாகத் தெரியும். நுனியில் அடிக்காமல் பீங்கானின் பக்கவாட்டில் அடித்தால், பீங்கானில் மயிரிழை வெடிப்பு இருக்கிறது. அந்தச் சின்னத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். எங்கேயுமே அடிக்காவிட்டால் பற்றரி உள்ள அடுப்பா என்று அடியில் பாருங்கள். கண்ணாடி மேல்தட்டு அடுப்புகள் பலவற்றுக்கு 1.5 வோல்ட் பற்றரி ஒன்று அடிப்பக்கத்தில் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை ஒருவரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பற்றரி கசிந்து தகட்டில் பச்சை பூத்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

அடுப்பு அழுக்காகக் கூடாதென்று மேல்தட்டு முழுக்க அலுமினியத் தாள் விரித்து வைப்பவர்களும் உண்டு. பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். அந்தத் தாளின் ஓரம் கம்பி நுனிக்குக் கிட்டப் போனால் பொறி பேர்னரை விட்டுவிட்டுத் தாளுக்குப் பாயும். எடுத்துவிடுங்கள்.

பேர்னரின் மூடியைக் கழுவிவிட்டு ஈரத்தோடு வைப்பதும், பள்ளத்தில் சரியாகப் பொருந்தாமல் வைப்பதும் தினசரித் தவறுகள். மூடி கொஞ்சம் சரிந்திருந்தாலே காஸ் ஒரு பக்கமாகப் போகும், பொறி மறுபக்கம் அடித்துக்கொண்டிருக்கும்.

அடைப்பெடுக்கிற விஷயத்தில்தான் அதிகம் கெடுத்துவிடுகிறோம். பேர்னர் மூடியைச் சுற்றியுள்ள துளைகளை ஈர்க்காலோ பிரஷ்ஷாலோ துப்புரவாக்கலாம். ஆனால் கீழே, திருகியிலிருந்து காஸ் வெளியேறும் பித்தளை ஜெட்டில் உள்ள துளை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவானது. அதற்குள் ஊக்கை விட்டுக் குடைந்தால் துளை பெருக்கும். அதன்பிறகு சுவாலை மஞ்சளாகும், சட்டியின் அடி கரிப்பிடிக்கும், காஸும் சீக்கிரம் முடியும். பெருத்த துளையை மறுபடி சின்னதாக்க வழியில்லை, ஜெட்டைத்தான் மாற்ற வேண்டும். மாதக்கணக்காகக் காஸ் பாவிக்காமல் விறகிலேயே சமைத்த வீடுகளில் இன்னொரு விருந்தாளியும் இருக்கலாம். ஜெட்டுக்கு முன்னாலுள்ள காற்றுக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டிவிடும், சிலந்தி வலை பின்னிவிடும். கிரவல் றோட்டுப் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அறிகுறி, பேர்னரில் எரியாமல் திருகிக்குக் கீழே ‘புஸ்’ என்று நெருப்பு எட்டிப் பார்ப்பது. உடனே மூடுங்கள். பேர்னரைக் கழற்றி, மண்ணை வெளியே தட்டி எடுங்கள்.

கையை எடுத்ததும் அணைகிற அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சில அடுப்புகளில் பேர்னருக்குப் பக்கத்தில் இரண்டாவது கம்பி ஒன்று இருக்கும். நெருப்பின் சூட்டில் அது சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாக்கி வால்வைத் திறந்து பிடித்திருக்கும். நெருப்பு அணைந்தால் காஸையும் நிறுத்திவிடும். அது சூடாக ஐந்திலிருந்து பத்து விநாடி எடுக்கும். அதுவரை திருகியை அமுக்கிப் பிடிக்காமல் விட்டுவிட்டு அடுப்பு பழுது என்கிறார்கள். பிடித்தும் அணைந்தால் அந்தக் கம்பி நுனியில் படிந்த கரியைத் துடையுங்கள். தொல்லையாக இருக்கிறதென்று அந்த வால்வை இல்லாமல் செய்துதரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. செய்து தருகிறவரிடம் மறுமுறை போகாதீர்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஜன்னல் காற்றுக்கு நெருப்பு அணைந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த வால்வுதான்.

கரண்டில் பொறி அடிக்கும் பெரிய அடுப்புகளில், ஒரு திருகியைத் திருப்பினால் எல்லாப் பேர்னரிலும் டிக் டிக் கேட்பது பழுதல்ல. திருகியை விட்ட பிறகும் சத்தம் நிற்காவிட்டால், திருகிக்குப் பின்னாலுள்ள சுவிச்சுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றி நன்றாகக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் பொறி தரும் பெட்டி எரிந்துபோவதும் உண்டு, முழக்கம் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொள்கலனில் அனுப்பிவைத்த அடுப்பு. கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அப்படியே பிளக்கைக் குத்தினால் பெட்டி போய்விடும். மின்மாற்றி போட்டாலும் பிரச்சினை பாதிதான் தீரும். அங்கே குழாய்வழி வரும் இயற்கை வாயுவுக்கான ஜெட் என்றால் துளை பெரியது, சிலிண்டர் காஸுக்கு ஒத்துவராது. ஜெட் மாற்றாமல் அதைப் பற்றவைக்கவே கூடாது.

எல்லாத் திருகியும் மூடியிருக்கும்போதே மணம் வந்தால், பொறியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரிலிருந்து கழற்றி, சிலிண்டரை நிமிர்ந்தபடியே முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். கசிவைக் குச்சி கொளுத்திப் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். வெளியில் வைத்து மறுபடி மாட்டி, ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் ஹோஸின் இரண்டு முனைகளிலும் பூசிப் பாருங்கள், குமிழ் எழும்பினால் அந்த இடம்தான்.